ஐந்து வாய்

கோகிலவாணி சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்:
அரிசியும் பருப்புஞ்சோறு, குக்கரில் அஞ்சு விசில்,
உப்பு வேண்டாம், நெய் அரைக்கரண்டி,
மிக்சியில் போட்றாத, கையில மசி,
திப்பி திப்பியா இருக்கட்டும், பழகோணும்.
எட்டரைக்குக் கம்பெனி வேன் வந்தது.
லீவு முடிந்து இது மூன்றாவது நாள்.
திருப்பூரில் செக்கிங் மேசையில் இந்நேரம்
யாருடைய பனியனிலோ
ஓட்டை தேடிக்கொண்டிருப்பாள்.

சாமளாபுரத்தில் எங்கள் சந்தில்
பதினாலு வீடு, நாற்பது தறி.
ராத்திரி ஷிப்ட் ஓட்டிய கண் எரிகிறது.
காலித் தார் போடும் கூடையில்
துண்டைச் சுருட்டி அண்டக்கொடுத்து
தன்சிகாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன்.
ஏழு மாசம்.

முதல் வாய்.
நாக்கு அதை வெளியே தள்ளியது,
கடன் கேட்டு வந்தவனை
வாசலோடு அனுப்புவதுபோல.
தாடையில் வழித்து மறுபடி ஊட்டினேன். இறங்கியது.

இரண்டாவதில் ஒரு துவரம்பருப்பு
என் விரலுக்குத் தப்பி முழுசாகப் போயிருக்கிறது.
கண்ணில் நீர் முட்ட, நாக்கு நீள,
முகம் தக்காளியாகச் சிவக்க
ஓங்கரித்தாள்.
அத்தனூண்டு உடம்பில்
அவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்தது?

முதுகுக்குப் போன கை பாதியில் நின்றது.
ஊசி போட்ட புதன்கிழமை நர்சம்மா சொன்னது:
சத்தம் வந்தா உடுங்க, அதே தள்ளிக்கும்.
வாய்க்குள்ள வெரலு உட்றாதீங்க.
சத்தமே இல்லீன்னாத்தான் பயப்படோணும்.

பதினோரு வருசம் தறி ஓட்டுகிறவனுக்கு
இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.
ஓடுகிற தறியை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.
நடுச்சாமத்தில் கண்ணயர்ந்தால்
எழுப்பிவிடுவது, ஊடை அறுந்து
நின்றுபோன தறிதான்.
தெரிந்து என்ன.
தறி எனக்குப் பிறந்ததில்லை.

பருப்பு என் முழங்கையில் வந்து ஒட்டியது.
அவள் சிரித்தாள். எனக்கு முதுகெல்லாம் வேர்வை.
புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
ஏழு மாசத்துக்காரியை யார் நினைப்பது,
அந்த மேசையருகே
பால் கட்டிய மாரோடு நிற்கிறவளைத் தவிர?

மூன்றாவது வாயை வைத்தேன்.
அப்போது கரண்ட் போனது.

நாற்பது தறியும் ஒரே அடியில் நின்றன.
எதிர்வீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
குழாய் சொட்டுவது கேட்டது.
கூடையிலிருந்து
எதுவும் கேட்கவில்லை.

வாய் மூடியிருந்தது.
கண் ஒரே இடத்தில் நின்றது.
அழுகை இல்லை. இருமல் இல்லை.

கூடை உருண்டது. அள்ளிவிட்டேன்.
முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி,
உள்ளங்கையை ஓங்கியபோது
கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.
மணிக்கட்டில் மூச்சு சுட்டது.
கன்னம் அசைந்தது.
மென்றுகொண்டிருந்தாள்,
ஒற்றைப் பல் இல்லாமல்.

வயிற்றில் இருந்த நாள் முதல்
இந்தச் சத்தத்துக்குள் இருப்பவள்.
முன்பும் கரண்ட் போனதுண்டு,
அப்போதெல்லாம் தூங்கியிருப்பாள்.
சத்தம் நிற்பதை இன்றுதான் கேட்கிறாள் போல.
வாய் நிறையச் சோறோடு
அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கரண்ட் வருவதற்குள்
நான்காவதும் ஐந்தாவதும் போயிருந்தன.
நான்காவதில் இரண்டு முறை ஓங்கரித்தாள்.
என் கைகள் மடியிலேயே இருந்தன.
இருந்தன என்றா சொன்னேன்,
ஒன்றை இன்னொன்று பிடித்து வைத்திருந்தது.

சாப்பாட்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள்.
இரண்டு பக்கமும் மிஷின் இரைச்சல்.
சாப்ட்டாளா?
அஞ்சு வாய்.
ஓங்கரிச்சாளா?
லேசா.
முழங்கையில் காய்ந்திருந்த பருப்பை
நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.
உப்பே இல்லை.